கடலோரச் சொகுசு யாருக்கு?

கேரி தீவின் கடலோரத்தில் உல்லாச விடுதியும் கோல்ஃப் திடலும் இருக்கின்றன. விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் ஆசைப்பட்டால் அதில் தப்பே இல்லை. ஆனால் அங்கே போகும் வழியெல்லாம் செம்பனை. அதற்கு முன் ரப்பர். பால் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அவர்களுக்கும் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் மா மெரி பூர்வகுடிகள்.

1990ஆம் ஆண்டின் சட்டம் 446, முதலாளி கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கச் சொல்லவில்லை! வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். டெங்கில் தெமுவான் மக்கள் வழக்காடி, 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் தங்கள் பாரம்பரிய நில உரிமையை நிலைநாட்டினார்கள். அந்த உரிமை பூர்வகுடிகளுக்கானது, நமக்குப் பொருந்தாது. ஆகவே தோட்டம் கைமாறும் முன்பே வீட்டுடைமைத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.