மாத்திரை வீடு தேடி வருது... கம்பு?

அதிகாலையில் எழுந்திரு. அரை மணி நேரம் நட. அரிசியைக் குறை, கம்பு சாப்பிடு. மனசை லேசாக வைத்துக்கொள். டி.வி.யைப் போட்டாலும், செல்போனைத் திறந்தாலும் யாராவது ஒருத்தர் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். எனக்குக் கோபமே வருகிறது. கெட்டுப்போனது உங்கள் ஒழுக்கம் மட்டும்தான் என்று சொல்லாமல் சொல்லும் உபதேசம் இது.

இந்த அறிவுரைக்காரர்களை ஒரு நடை குளத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டும். சென்னைக் கொளத்தூர் இல்லை சார். கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் குளத்தூர். வானம் பார்த்த பூமி. உளுந்து, பாசி, கம்பு, சோளம், வத்தல், மல்லி விளைகிற மண். அங்கே போய், 'கம்பு உடம்புக்கு நல்லதும்மா' என்று சொல்லிப் பார்க்கட்டும். 'எங்ககிட்டயே சொல்ல வந்துட்டீகளாக்கும்' என்று சிரிப்பார்கள். ஆனால், அந்தச் சீமையில் இன்றைக்கு அடுப்பில் வேகிறது என்னவோ அரிசிதான்.

விளைவு என்ன? ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நாடு முழுக்க நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை. நாடு மொத்தத்துக்கும் பார்த்தால் நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.9. அப்பாடா, கிராமம் தப்பித்தது என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். சர்க்கரை வருவதற்கு முந்தைய கட்டத்தில் நிற்பவர்கள் நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2! வியாதி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது.

பழக்கம் என்பது மனஉறுதி சமாச்சாரம் இல்லை. கைக்கு எது எட்டுகிறதோ, அதுதான் பழக்கமாகிறது. கரிசலில் கம்பு எப்படி எட்டியது? பொழுது விடியுமுன் பெண்கள் எழுந்து, தண்ணீர் தெளித்து உரலில் போட்டு இடித்து, தவிட்டைப் புடைத்து, மறுபடியும் இடித்ததால் எட்டியது. 'பாட்டி காலத்து ஆரோக்கியம்' என்று மேடையில் உருகுகிற ஆண்கள் ஒரே ஒரு வாரம் உலக்கை பிடிக்கட்டும். அப்புறம் பேசலாம்.

ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011-ல் இலவசம். ஏற்கெனவே மூலைக்குப் போய்க்கொண்டிருந்த உலக்கை மொத்தமாகப் போனது. அதைக் குற்றம் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பசி தணிந்தது, பெண்களின் தோள்வலி போனது. ஆனால், நெல்லுக்கு ஊருக்கு ஊர் ரைஸ்மில் வந்த மாதிரி கம்புக்கும் குதிரைவாலிக்கும் ஏன் மெஷின் வரவில்லை? கம்பு மாவில் கொழுப்புச் சத்து அதிகம். அரைத்து வைத்தால் சீக்கிரம் கசந்துவிடும். அப்பப்போ அரைக்க வேண்டிய தானியம் அது. பக்கத்தில் மில் இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட மனஉறுதியும் அரிசிப் பானையில்தான் போய் விழும். கரிசல்காரன் விற்ற குதிரைவாலி மட்டும் பாக்கெட்டுக்குள் புகுந்து, பட்டணத்து ஏ.சி. கடையில் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது.

மனசு விஷயமும் இதே கதைதான். மனசு கனத்தால் பேசுவதற்கு 14416 என்ற எண் 2022 முதல் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, தேவைப்பட்டால் தயங்காமல் கூப்பிடுங்கள். ஆனால், களையெடுக்க வரிசையாக இறங்கிய பெண்கள் கதையும் கண்ணீருமாக மாமியார் முதல் மழை வரை பேசித் தீர்த்தார்களே, அந்த இடத்தில் இப்போது களைக்கொல்லி தெளிக்க ஓர் ஆள் போதும். கூலியும் போச்சு, கூட்டமும் போச்சு. 'மனசை லேசாக வை' என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பாராட்ட வேண்டிய திட்டம். மாத்திரை வந்த வழியில் கம்பு வராதா? வரும். 2023-ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே! 2022-ல் சிறுதானியச் சிறப்பு மண்டலம் அறிவித்தபோது தூத்துக்குடி மாவட்டமும் அதில் இருந்தது. அப்படியானால் குளத்தூர் ரேஷன் கடையில், குளத்தூர்க் காட்டுக் கம்பு ஏன் கிடைக்கக் கூடாது? விவசாயிக்கு நியாயமான விலை, மகளிர் குழுவுக்கு ஒரு மெஷின், கார்டுக்கு 2 கிலோ. இதற்கு ராக்கெட் விட வேண்டியதில்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எழுந்து நின்று, 'எங்க ஊர்க் கம்பு எங்க ரேஷன் கடைக்கு வரணும், அரைக்க மெஷின் வரணும்' என்று தீர்மானம் கேளுங்கள். முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.