பாட்டுப் பெட்டி வாங்கப் புகுமுன்

தறியில் அமர்ந்து உழைப்பவருக்கும் வயலில் நின்று உழைப்பவருக்கும் பாட்டு ஓர் ஆடம்பரம் அன்று. அது வேலையின் துணை. ஏற்றம் இறைத்தவர் சால்களை எண்ணியதே பாட்டினால்தான். நாற்று நட்ட பெண்டிர் குனிந்த முதுகின் வலியை மறந்ததும் பாட்டினால்தான். இன்று அத்துணையை ஒரு சிறு பெட்டி தருகிறது. உள்ளங்கையில் அடங்கும் அப்பெட்டி பாட்டும் பாடும். சிலவற்றில் படமும் ஓடும். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சித் தறி வீடுகளிலும், அம்பாசமுத்திரம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள வாழைத் தோட்டங்களிலும் அதன் ஒலியைக் கேட்கிறோம். தீபாவளிக்கு முன் கையில் நாலு காசு சேரும்போது எந்தப் பெட்டியை வாங்குவது என்ற வினாவும் உடன் எழுகிறது. கடைக்காரர் காட்டும் பளபளப்பையும், "இத்தனை ஆயிரம் பாட்டு" என்ற பேச்சையும் ஒதுக்கிவிட்டு, உழைப்பாளியின் கண்ணோட்டத்தில் இவ்விஷயத்தைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் பழைய கதை ஒன்றை நினைவில் கொள்வது நலம். திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பெற்ற 1963ஆம் ஆண்டிலேதான் பிலிப்ஸ் நிறுவனத்தார் ஒலிநாடாப் பேழையை, அதாவது காஸெட்டை, உலகுக்கு அறிமுகம் செய்தனர். 1979இல் ஸோனியின் வாக்மன் வந்தது. பாட்டு மனிதனோடு நடக்கத் தொடங்கியது. 2001இல் ஆப்பிளின் ஐபாட் வந்தது; உலகெங்கும் விற்றுத் தீர்ந்த அந்தப் பெட்டியின் உற்பத்தியும் 2022இல் நிறுத்தப்பட்டது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றே. பெட்டிகள் வரும், போகும். இன்று வாங்கும் பெட்டியும் ஒரு நாள் பழுதாகி மூலையில் கிடக்கும். ஆகையால், பெட்டி போனாலும் பாட்டு போகாதிருக்க வழியுண்டா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் சந்தையில் உள்ளவை மூன்று வகையாகப் பிரிகின்றன. முதல் வகை, பாட்டுகளை உள்ளே நிரப்பியே விற்கப்படும் பெட்டி. 2017இல் வந்த சரிகம நிறுவனத்தின் கர்வான் இதற்கு எடுத்துக்காட்டு. அதில் 5000 பழைய பாட்டுகள் உண்டு. பொத்தான்களை அழுத்தத் தெரிந்தால் போதும் என்பதால் முதியோர் அதை விரும்புவதில் வியப்பில்லை. இரண்டாவது வகை, கைப்பேசி வழியே இணையத்திலிருந்து கேட்பது. மூன்றாவது வகை, நாமே பாட்டை ஏற்றிக்கொள்ளும் நினைவட்டைப் பெட்டி.

இரண்டாம் வகையை உழவருக்கு விளக்குவது எளிது. அது குத்தகை நிலம் போன்றது. சந்தா கட்டும் வரை விளைச்சல் நம்முடையது. கட்டத் தவறினால் வரப்பில் கூட நிற்க உரிமை இல்லை. பத்து ஆண்டுகள் பணம் கட்டிய பின்னும் ஒரு பாட்டுக்கேனும் பட்டா நம் பெயரில் இராது. மூன்றாம் வகையோ சொந்த நிலம், சிறியதாயினும் நம்முடையது. ஒரு பெட்டி பழுதானால் அட்டையைக் கழற்றி மற்றொன்றில் செருகலாம். நம் வாக்கு இந்த மூன்றாம் வகைக்கே. முதல் வகையை வாங்குவோரும், யு.எஸ்.பி. துளை உள்ளதா என்று பார்த்து வாங்கினால் இந்நன்மையில் ஒரு பங்கைப் பெறலாம்.

இவ்வாறு நாம் கூறுவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. நம் பகுதியின் பாட்டுகள் பலவற்றை எந்த நிறுவனமும் நிரப்பி விற்பதில்லை. கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் காஸெட்டுகளில் பதிவாகி, பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பாடிய புலவர்களில் பலர் இன்று இல்லை. ஒலிநாடாவோ நிலையான பொருளன்று. ஈரத்தில் பூஞ்சை படரும், ஒட்டியிருக்கும் காந்தப் பூச்சு உதிரும், அதை ஓட்டும் கருவியும் கிடைப்பதரிது. இன்னும் சில மழைக்காலம் கழிந்தால் அவை வெறும் நாடா. இவற்றைக் காப்பாற்றப் பெருஞ்செலவு இல்லை. எம்.பி.3 முறையில், சாதாரணத் தரத்தில், ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய 60 மெகாபைட் இடம் போதும். ஆறு மணி நேர வில்லுப்பாட்டு 360 மெகாபைட்டில் அடங்கும். 32 கிகாபைட் அட்டையில் 500 மணி நேரத்துக்கு மேல் சேமிக்கலாம். ஆனால் ஒரே அட்டையை நம்பலாகாது. விதை நெல்லை இரு குதிர்களில் வைப்பது போல் இரு பிரதி வேண்டும். பாடியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இசைவு பெற்றே பிறருக்குப் பகிர வேண்டும் என்பதும் முறை.

இனி, பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை. மின்கலம் கழற்றி மாற்றத் தக்கதா என்று பாருங்கள். லித்தியம் மின்கலம் சில நூறு முறை மின்னேற்றிய பின் வலுவிழப்பது இயல்பு. ஒட்டி மூடப்பட்ட பெட்டியானால் மின்கலத்தோடு பெட்டியும் குப்பைக்குப் போகும். பழைய கைப்பேசி மின்கலம் போன்ற தட்டை வடிவ மின்கலம் பொருந்துமானால் உள்ளூர்க் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு பெரிய அட்டையை ஏற்கும் என்று கேளுங்கள். விலை குறைந்த பெட்டிகள் பல 32 கிகாபைட்டுக்கு மேல் ஏற்பதில்லை. அட்டையிலும் போலி உண்டு. மேலே பெரிய எண் அச்சிட்டு உள்ளே சிறு கொள்ளளவு வைத்து விற்பவர் உளர். ஆகவே வாங்கிய உடனே அட்டை நிறையப் பதிந்து, திரும்ப ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பஞ்சுத் தூசி பறக்கும் தறி வீட்டுக்கும், மண்ணும் நீரும் பட்ட கைக்கும் தொடுதிரையை விட அழுத்தும் பொத்தானே ஏற்றது.

பெட்டியில் வானொலி இருத்தல் அவசியம் என்பது நம் உறுதியான கருத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இப்பள்ளத்தாக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. அத்தகைய நேரத்தில் வெளியுலகச் செய்தியைக் கொணர வல்லது மின்கலத்தில் இயங்கும் வானொலியே. நாட்டில் பல மத்திய அலை ஒலிபரப்பிகள் மூடப்பட்டு வருவதால், பண்பலை தெளிவாகக் கேட்கிறதா என்பதைக் கடையில் அன்று, தம் வீட்டிலும் வயலிலும் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, செவியின் நலம். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்பதே பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒலி 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரமே தகும். விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலோ தானே 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அங்கே காதில் குழல் செருகிப் பாட்டுக் கேட்பவர், இரைச்சலை வெல்லப் பாட்டை மேலும் ஏற்றுகிறார். இரண்டும் சேர்ந்து செவியைத் தின்கின்றன. இழந்த கேள்வி மீளாது. சங்கரன்கோவில், புளியங்குடி விசைத்தறித் தோழர்களுக்கு நாம் கூறுவது இதுவே: கூடத்துக்குள் வேண்டுவது செவிக்காப்பு, பாட்டு வெளியே வந்த பின். கைத்தறி வீட்டின் ஓசை அவ்வளவு கொடியதன்று. அங்கே பொதுவாக ஒரு பெட்டி மிதமாக ஒலித்தால் போதும்.

படம் காட்டும் பெட்டியைப் பற்றி நம் அபிப்பிராயம் வேறு. நெய்பவரின் காது சும்மா இருக்கிறது. கண் சும்மா இல்லை. கண் திரைக்குப் போன நொடியில் பாவில் இழை அறுந்தால், அந்தப் பிழை புடவையோடு சங்கத்துக்கு வந்து, கூலியில் குறையும். ஆதலால் தறிக்குப் பாட்டு ஏற்றது, படம் ஏலாது. ஆனால் வேளாண்மைக்குப் படம் பெருந்துணை, அதுவும் கூடிப் பார்த்தால். 1956இல் புனே வட்டாரத்துக் கிராமங்களில் வானொலியைக் குழுவாகக் கேட்டு விவாதித்தனர். 1960களில் வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளால் தஞ்சைத் தரணியில் பரவிய ஆடுதுறை 27 நெல் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. 2006இல் பெங்களூரில் முளைத்த டிஜிட்டல் கிரீன் முயற்சியில், உழவர்கள் தம் ஊர் உழவரையே படம் பிடித்து, சிறு குழுக்களில் திரையிட்டு, இடையிடையே நிறுத்திப் பேசினர். கர்நாடகத்தில் நடந்த தொடக்கச் சோதனையில் புதிய முறைகளை ஏற்றவர் தொகை பழைய விரிவாக்கப் பணியைக் காட்டிலும் ஏறத்தாழ 7 மடங்காயிற்று. ஆகவே வீட்டுக்கொரு படப் பெட்டி வேண்டா, ஊருக்கொன்று போதும். கார், பிசானம் இரு பருவத்துக்கும் முன்னர் உறுப்பினர்கள் கூடிப் பார்த்துப் பேசட்டும்.

"கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கிறதே, தனிப் பெட்டி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நல்ல கைப்பேசியும் அதில் அட்டை செருகும் துளையும் உடையவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பாட்டை அதிலேயே சேமித்துக் கேட்கலாம். ஆனால் பணப் பரிமாற்றமும், வங்கிச் செய்தியும், அவசர அழைப்பும் அந்த ஒரே கருவியில் உள்ளன. பகலெல்லாம் பாட்டுப் பாடி மாலையில் அது மின்னிழந்து கிடந்தால் நட்டம் யாருக்கு? வீட்டுக்கு ஒரே கைப்பேசி உள்ள குடும்பத்தில் அது தறியோரம் இருக்குமா, பிள்ளையின் படிப்புக்குப் போகுமா என்பதையும் எண்ண வேண்டும்.

கடைசியாக, எந்தப் பாட்டு என்பதை யார் தீர்மானிப்பது? கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலையில் 1865 முதல் ஒருவர் மேடையில் அமர்ந்து, சுருட்டுபவர்களுக்குச் செய்தித்தாளும் நாவலும் படித்துக் காட்டினார். அவருக்கு ஊதியம் கொடுத்தவர்கள் தொழிலாளரே. எந்த நூல் என்று தேர்ந்தவர்களும் அவர்களே. கூட்டுறவின் உயிர் இதுவன்றோ? நம் சங்கங்களும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். தறிக்கூடத்துக்கு ஒரு பெட்டியும், பரணிலுள்ள காஸெட்டுகளைப் பெயர்த்தெழுதும் செலவும், விதிகள் இடம் தரும் அளவில் பொதுநன்மை நிதியிலிருந்து அனுமதிக்கப்படட்டும். மகளிர் உறுப்பினரையும் கொண்ட ஒரு சிறு குழு பாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவருக்குப் பிடித்தது மற்றவர் தலைவலியாக வேண்டா. பெட்டிகளை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். ஒரே வகையானதால் பழுது பார்ப்பதும் எளிதாகும்.

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம். அதற்குமுன் ஒவ்வோர் உறுப்பினரும் தம் பரணில் ஏறிப் பார்த்து, இருக்கும் காஸெட்டுகளை எண்ணி வந்து சொல்லட்டும். வாங்க வேண்டியது எத்தகைய பெட்டி என்பதை அந்தக் கணக்கே நமக்குக் காட்டிவிடும்.