கபினிமேல் ஒரு பழம்பாலம்

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் நம்மவர்களுக்கு நஞ்சன்கூடு என்றால் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில்தான். ஊருக்குள் நுழையுமுன் கபினியைக் கடக்கிறோமே, அங்கேதான் 1735-இல் தளவாய் தேவராஜர் கட்டிய பழைய பாலம் நிற்கிறது. மாட்டுவண்டிக் காலத்துக் கட்டுமானம். பின்னாளில் சாலையோடு மீட்டர் கேஜ் ரயிலையும் சேர்த்தே சுமந்தது. எத்தனை வெள்ளம் பார்த்திருக்கும்!  இதே ஊட்டிச் சாலையில், பந்திப்பூர்க் காட்டில் விலங்குகளுக்காக 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. மிகச் சரியான முடிவு. காட்டின்மேல் காட்டிய அதே அக்கறையைக் கர்நாடக அரசும் ரயில்வேயும் இந்தப் பாலத்தின்மேலும் காட்டவேண்டும். அடுத்தமுறை அவ்வழியே போனால், வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.