மக்கள் குரலில் கூலிக் குரல்

மக்கள் தொடர்பு என்பது அழகிய சொல்லாட்சி. அரசுத் துறையொன்றுக்கும் அது பெயராய் வழங்குகின்றது. ஆனால் அச்சொல்லின் பொருள் வேறு. அதனைப் பிழைப்பாகக் கொண்டோர் செயல் வேறு. அமெரிக்காவில் இத்தொழிலின் முன்னோடியருள் ஒருவராகக் கருதப்பெறும் ஐவி இலீ, 1906-இல் செய்தித்தாள்களுக்கு விடுத்த கொள்கை விளக்கத்தில், தம் பணி யாவும் வெளிப்படையாக நடைபெறும் என்று உறுதி கூறினார். எட்டாண்டு கழிந்தது. 1914 ஏப்பிரல் 20-ஆம் நாள், கொலராடோ மாநிலத்து இலட்லோவில் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தீக்கிரையாயின. பெண்டிரும் பிள்ளைகளும் மாண்டனர். அதன்பின், சுரங்கத்தில் முதலிட்டிருந்த இராக்குபெல்லர் குடும்பம் அமர்த்திக்கொண்டது அந்த இலீயைத்தான். அவர் அச்சிட்டு நாடெங்கும் விடுத்த அறிக்கைகளுள் ஒன்று, தொழிலாளர் தலைவர்கள் ஓராண்டிற் பெற்ற தொகையை ஒன்பது கிழமையிற் பெற்றதாகக் காட்டிற்று. வெளிப்படை என்ற உறுதிமொழி, கூலி வந்தவுடன் எங்குப் போயிற்றோ!

எனினும் அவ்வறிக்கைகள் சுரங்க முதலாளியர் குழுவின் பெயரில் வந்தன. எழுதிய கை தெரியாவிடினும், எவர் பக்கத்துப் பேச்சு என்பதேனும் படித்தோர்க்குத் தெரிந்தது. இற்றை நாளில் அதுவும் தெரிவதில்லை. மாற்றம் இங்குத்தான் நிகழ்ந்துள்ளது.

முன்னாளில் செய்தித்தாளும் வானொலியுமே வாயில்களாக நின்றன. ஆசிரியர் சிலரை வயப்படுத்தினாற் போதும். கைப்பேசி அவ்வாயில்களை உடைத்தது. 2017 ஏப்பிரல் 9-இல், சிகாகோவில் யுனைட்டெட் வானூர்தி நிறுவனம், தன் பணியாளர்க்கு இடம் வேண்டிப் பயணி ஒருவரை இருக்கையினின்று பெயர்த்து, குருதி ஒழுக இழுத்துச் செல்லச் செய்தது. உடன் இருந்தோர் படம் எடுத்து உலகிற்குக் காட்டினர். நிறுவனத் தலைவரோ, பயணிகட்கு 'மாற்றிடம் அமைக்க' நேர்ந்தமைக்கு வருந்துவதாக அறிக்கை விட்டார்! இழுத்தெறிதலுக்கு மாற்றிடம் அமைத்தல் என்று பெயர். பழைய நாளாயின் அப்பூச்சுச் சொல் மறுநாட் செய்தித்தாளில் ஏறி நிலைத்திருக்கும். படம் முந்திக்கொண்டதால், இரண்டே நாளில் அவர் தவற்றை முழுதும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இதனால் மெய் வென்றுவிட்டது என்று மகிழ்வார் உளர். அம்மகிழ்ச்சி அரைகுறையானது. முதலாளி வாயை மக்கள் நம்பாராயின், மக்கள் வாயையே அணிந்துகொள்வோம் என்று இத்தொழிலின் ஒரு பகுதி கற்றுக்கொண்டது.

இலண்டனில் பெல் பாட்டிஞ்சர் என்றொரு நிறுவனம் இருந்தது. மார்கரெட் தாட்சருக்குத் தேர்தல் விளம்பரம் வகுத்துப் பெயர்பெற்ற திம் பெல் அதன் நிறுவனருள் ஒருவர். 2016-இல் தென்னாப்பிரிக்காவின் ஓக்பே நிறுவனம் அதனைத் திங்களுக்கு 1,00,000 பவுண்டுக்கு அமர்த்திற்று. ஓக்பே, வட இந்தியச் சகாரன்பூரினின்று அந்நாட்டிற் குடியேறிய குப்தா உடன்பிறந்தாருடையது. குடியரசுத் தலைவர் சூமாவின் நெருக்கத்தால் அரசையே தம் கைக்குள் வளைத்துக்கொண்டனர் என்பது அவர்கள்மேல் எழுந்த குற்றச்சாட்டு. அதனைத் திசைதிருப்ப என் செய்வது? நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்த பின்னும் நிலமும் தொழிலும் பெரும்பகுதி வெள்ளையரிடமே இருந்தமை, கறுப்பின மக்களின் ஆறாப் புண். அப்புண்ணையே கருவியாக்கினர். 'பொருளியல் நிறவெறி' என்னும் முழக்கம் இலண்டன் மேசையில் திட்டமிடப் பெற்றதை, 2017-இற் கசிந்த மின்மடல்கள் காட்டின. 'வெள்ளை முற்றுரிமை முதல்' என்ற தொடரோ அந்நாட்டு இடதுசாரியர் நெடுநாள் வழங்கியது. அது குப்தாக்களின் எதிரிகள்மேல் எறியப்பட்டது. கீச்சகத்தில் போலிப் பெயர்க் கணக்குகள் அதனை ஓயாது கூவின. கூவியவர் ஏழைக் குடிமக்கள் போலவே தோன்றினர்.

2017 செப்தம்பர் 4-இல், பிரித்தானிய மக்கள் தொடர்புத் தொழிலமைப்பு அந்நிறுவனத்தைக் குறைந்தது ஐந்தாண்டுக்கு விலக்கிற்று. 12-ஆம் நாள் அது நொடித்துப் பொறுப்பாளர் கைக்குப் போயிற்று. ஆயினும் கேடு அங்கு முடியவில்லை. நிலம் எவரிடம், சுரங்கம் எவரிடம் என்று வினவும் எளியவனை, 'இஃது இலண்டன் நிறுவனம் கற்பித்த பேச்சு' என்று வாயடைப்பதற்கு ஒரு கரணியம் கிடைத்துவிட்டது. மெய்யான குறை கூலிக்காரன் வாயிற் புகுந்து வந்தமையால், பொய்போல் ஆயிற்று. உரிமை கேட்கும் எந்த இனத்தாரும் அஞ்சவேண்டிய இழப்பு இதுவே. எதிரியின் பழிப்பினும் கொடியது.

2022-இன் இறுதிமுதல் எழுத்தியற்றும் செய்யறிவுப் பொறிகள் எவர் கைக்கும் எட்டுகின்றன. ஆயிரம் போலிக் குரலுக்கு ஆயிரம் ஆள் இனி வேண்டா. தமிழிலும் அவை எழுதுகின்றன.

இந்திய நடுவணரசின் நுகர்வோர் துறை, பண்டங்களைப் புகழ்ந்துரைக்கும் இணையப் புகழாளர் தாம் பெற்ற பயனை வெளியிடவேண்டும் என்று 2023 சனவரியில் வழிகாட்டு நெறி விடுத்தது. தேர்தல் ஆணையமோ, 2013 முதல் வேட்பாளரின் இணையப் பரப்புரைச் செலவைக் கணக்கிற் காட்டச் சொல்கின்றது. முன்னது கடைப் பண்டத்தோடு நிற்கின்றது, பின்னது வாக்குப்பதிவோடு. முகப்பூச்சைப் புகழ்பவன் கூலியைச் சொல்லவேண்டும். ஓர் இனத்தின்மேல் வெறுப்பை ஊட்டுபவன் சொல்ல வேண்டுவதில்லையா? கட்சியாயினும் நிறுவனமாயினும், இணையப் பரப்புரைக்கு எவரை, எத்தொகைக்கு அமர்த்தினர் என்பதை ஆண்டு முழுதும் பொதுப் பதிவேட்டில் வெளியிடச் சட்டம் வேண்டும். கூலி பெற்று எழுதுவோன் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் அதனைத் தாய்மொழியில் குறித்தல் வேண்டும்.