இடிக்காமல் வைத்திருப்பதே முதல் பசுமை



புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஓடவிருக்கும் ஆர்டிஎஸ் ரயில், 2027 பிறப்பதற்குள் சேவையைத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். நான்கு கிலோமீட்டர் தூரம், ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை. புக்கிட் சாகார் நிலையத்திலிருந்து நடந்து போகிற தொலைவில்தான் ஜாலான் டோபி, ஜாலான் தான் ஹியோக் நீ, ஜாலான் துருஸ், ஜாலான் உங்கு புவான் என்ற ஜொகூர் பாருவின் பழைய தெருக்கள் இருக்கின்றன. ரயில் ஊருக்கு நல்லது, வரட்டும். ஆனால் அது கொண்டுவரும் கூட்டமும் பணமும் இந்தத் தெருக்களின் கடைவீடுகளை என்ன செய்யும் என்பதை நாம் இப்போதே பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் வாடகையே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும்.

1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் தஞ்சோங் புத்ரியில் தொடங்கிய ஊர், 1866இல் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது. கம்பிர், மிளகுத் தோட்டங்களை நடத்திய சீனர்கள் வந்தார்கள். அவர்களின் தலைவர்களுள் ஒருவர் தான் ஹியோக் நீ. நம்மவர்களும் வந்தார்கள். 1911இல் எழுந்த அருள்மிகு ராஜமாரியம்மன் கோயிலை ஒட்டிப் பூக்கடையும் துணிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் வளர்ந்தன. சீனப் பழங்கோயிலும் சீக்கியர்களின் குருத்வாராவும் ஜாலான் துருஸில் இருக்கின்றன. நாலு தெருவுக்குள் இத்தனை சமூகங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு இந்தக் கடைவீடுகளே சாட்சி.

இந்தத் தெருக்களில் இரண்டு ரொட்டிக் கடைகள் இன்றும் விறகடுப்பை விடவில்லை. 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ ஒன்று. ஜாலான் டோபியில் இந்திய முஸ்லிம் குடும்பம் ஒன்று 1937இல் தொடங்கிய சலாஹுத்தீன் மற்றொன்று. விறகு எரிந்து தணிந்த பிறகு அடுப்பின் செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூட்டில்தான் ரொட்டி வேகும். நீண்ட காம்புள்ள பலகையால் தட்டுகளை உள்ளே தள்ளி, இடம் மாற்றி, வெளியே இழுப்பார்கள். எந்த மூலையில் சூடு அதிகம் என்பது அந்தக் கைகளுக்குத்தான் தெரியும். அந்த அடுப்பைப் பெயர்த்துக்கொண்டு புறநகரில் புதுக் கடைக்குப் போக முடியாது. கடை போனால் அடுப்பும் போயிற்று, கைப்பழக்கமும் போயிற்று. பழைய கட்டடம் என்று நாம் சொல்லும்போது சுவரையும் கூரையையும் மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்று எல்லோரும் பசுமைக் கட்டடம் பற்றிப் பேசுகிறோம். உலகில் எரிசக்தியால் வெளியாகும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கட்டடங்களாலும் கட்டுமானத்தாலும் வருகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. உலகின் மொத்தக் கரியமில வாயுவில் சிமெண்டுத் தொழிலின் பங்கு மட்டும் 7 முதல் 8 விழுக்காடு. இருக்கும் கட்டடத்தை இடித்து, எரிசக்தியை 30 விழுக்காடு மிச்சப்படுத்தும் புதியது ஒன்றைக் கட்டினாலும், கட்டும்போது செய்த கேட்டை ஈடுகட்ட 10 முதல் 80 ஆண்டுகள் ஆகும் என்று 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இருப்பதை இடிக்காமல் விரிவாக்கிப் புதுப்பிப்பதையே கொள்கையாகக் கொண்ட பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் லக்காத்தோன், வசால் இருவருக்கும் 2021இல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. நம் தாத்தாமார் கட்டடத்தைச் செப்பனிட்டே காலம் தள்ளினார்கள். அந்தச் சிக்கனத்துக்கு உலகம் இப்போது பரிசு தருகிறது.

நம் கடைவீடு இந்த வெயிலுக்கும் மழைக்கும் என்றே கட்டப்பட்டது. முன்னால் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதை, மழையிலும் நனையாமல் கடைக்குக் கடை போகலாம், வெயிலும் நேரே உள்ளே அடிக்காது. நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே ஏற, அஞ்சடியின் நிழல் காற்று உள்ளே வரும். மேலே மண் ஓடு. ஓடுகளின் இடுக்கு வழியே வெக்கை வெளியேறும். சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். மின்விசிறிகூட இல்லாத காலத்தில் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் வியாபாரம் நடந்தது.

இந்த நான்கையும் நாமே ஒவ்வொன்றாகக் கெடுத்தோம். முற்றத்தைத் தகரம் போட்டு மூடிக் கிடங்காக்கினோம். மண் ஓடுகளை எடுத்துவிட்டு ஸிங் தகடு போட்டோம். அஞ்சடியில் சரக்கை அடுக்கினோம். சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசினோம். எல்லாவற்றிலும் பெரிய கேடு கடைசியாகச் சொன்னதுதான். தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டைத் தாண்டி வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். பூச்சு உப்பி வெடிக்கும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். விரலால் தேய்த்தால் செங்கல் சிவப்புத் தூளாக உதிரும். ஈரம் குடித்த சுவருக்குள் தலையை வைத்திருக்கும் உத்தரமும் அந்த முனையில் உளுத்துப்போகும். “கட்டடம் பழசு, இனித் தாங்காது” என்று இடிக்கச் சொல்பவர்கள், தாங்காமல் போனதற்குக் காரணம் நாற்பது வருடத்துக்கு முன் பூசிய சிமெண்டு என்பதைச் சொல்வதில்லை.

செப்பனிடும் வழி தெரிந்ததுதான், பெரும்பாலும் மலிவானதும்கூட. மேலிருந்து தொடங்க வேண்டும். கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்து, சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, உடைந்த ஓடுகளை மாற்றினாலே பாதி ஈரம் நின்றுவிடும். பிறகு சிமெண்டை உரித்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்ததும் சுண்ணாம்பு பூசலாம். உளுத்த உத்தரத்தை முழுதாக மாற்ற வேண்டியதில்லை. கெட்ட முனையை வெட்டிவிட்டுப் புது மரத்தை ஒட்டுச் சேர்க்கலாம். மின்கம்பிகளைப் புதிதாக இழுப்பதும், தீ விபத்தில் தப்ப இரண்டாவது வழி அமைப்பதும் கட்டாயம். இதில் சமரசமே கூடாது. முற்றத்தைத் திறந்துவிட்டு, குளிர்சாதனம் தேவைப்படும் அறைக்கு மட்டும் அதை வைத்தால், மாடியில் கணக்காயரும் வழக்கறிஞரும் வரைகலைஞரும் அலுவலகம் நடத்தலாம்.

மாடியைச் சொல்லக் காரணம் உண்டு. கீழே கடை ஓடினாலும் மேலே பல கட்டடங்கள் பூட்டியே கிடக்கின்றன. ஆள் ஏறாத மாடியில் ஒழுகலைப் பார்க்க ஆளிருக்காது. புக்கிட் திம்பாலானில் 1940இல் எழுந்த சுல்தான் இப்ராஹிம் கட்டடத்திலிருந்து மாநில அரசு அலுவலகங்கள் கோத்தா இஸ்கந்தாருக்குப் போனபோது, நகர மையம் பகல் நேர வாடிக்கையாளர்கள் பலரை இழந்தது. சுற்றுலாப் பயணி வார இறுதியில் வருவார், படம் எடுப்பார், போய்விடுவார். அலுவலகத்தில் வேலை செய்பவர்தான் தினமும் மதியச் சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் வருவார். பழைய கடைகளை வாழவைப்பவர் அவர்தான்.

கட்டடம் பிழைத்தும் கடைக்காரர் பிழைக்காமல் போகலாம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. வாடகை சொற்பம் என்பதால் உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை. 1997இல் அது நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு அவகாசமும் முடிந்தபோது, பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாக இருந்த பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, திங் சிட்டி அமைப்பு அங்கே உரிமையாளர் போடும் பணத்துக்கு இணையாக மானியம் தந்து பல கட்டடங்களைக் காப்பாற்றியது. பின்னர் ஜொகூர் பாருவிலும் அது பணியாற்றியது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர், லிட்டில் இந்தியாவை 1989இலேயே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஜார்ஜ் டவுனும் சிங்கப்பூரும் சுவரைக் காப்பாற்றின. பழைய குடித்தனக்காரரைக் காப்பாற்றுவது இரண்டுக்குமே கடினமாயிற்று. ஜொகூர் பாரு இதில் முந்திக்கொள்ளலாம். மானியமோ வரிச்சலுகையோ தரும்போது, வாடகைதாரருக்கு நீண்டகால ஒப்பந்தமும் அளவான வாடகை உயர்வும் தர வேண்டும் என்று மாநகர் மன்றம் நிபந்தனை வைக்கட்டும்.

உங்களிடமும் சில வேண்டுகோள்கள். கடைவீடு வைத்திருக்கும் வாசகர்களே, கட்டட ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் கேளுங்கள். வாங்க ஆள் வந்தால், அவர் சொல்லும் விலையோடு இன்னும் ஐம்பது வருட வாடகையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொழில் தொடங்கும் இளைஞர்களே, பேரங்காடியில் ஒரு மூலையை எடுப்பதற்கு முன் இந்தத் தெருக்களின் மாடிகளைப் போய்ப் பாருங்கள். மற்ற எல்லோரும், தீபாவளிக்கு மட்டும் என்றில்லாமல் சாதாரண நாள்களிலும் ஜாலான் உங்கு புவானுக்குப் போய்ப் பூவும் மளிகையும் வாங்குங்கள். வியாபாரம் நடக்கும் கடையை இடிக்க யாருக்கும் எளிதில் மனம் வராது.

அன்புடன்,
ஆசிரியர்