பேரண்ட்ஸ் மீட்டிங்கில் யார் பேசுவது?

பேரண்ட்ஸ் மீட்டிங் என்றால் நம்மில் பலருக்கு இரண்டே வேலைதான். ஒன்று, ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து. இரண்டு, "கொஞ்சம் கண்டிச்சு வைங்க மேடம்" என்று ஒரு வசனம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம்.

அந்தமானில் இருக்கும் நமக்கு மூன்றாவதாக ஒரு தொல்லையும் உண்டு. இந்தி!

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தத் தீவுகளில் சுமார் 3.8 லட்சம் பேர். அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். வங்காளம், இந்திக்கு அடுத்து நாம்தான். ஆனாலும் போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) கடைத்தெருவில் எல்லோருக்கும் பொதுவான பேச்சு இந்திதான். பிள்ளைகள் ஒரே வருடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த அம்மாக்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. விளைவு, மீட்டிங்கில் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறது. டீச்சர் "வீட்டுப்பாடம் செய்வதே இல்லை" என்றால், அம்மா காதுக்கு "பரவாயில்லையாம்" என்று வந்து சேரும் :-)

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் தன்னைப் பற்றிய குறையைத் தானே சொல்லும் நிலைமையில் ஒரு குழந்தையை நிறுத்துவது சரியில்லை என்பது என் கருத்து. டீச்சரும் மனம்விட்டுப் பேச முடியாது. இந்தி தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவையோ, அதே பள்ளியில் இருக்கும் தமிழ் டீச்சரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வெளியே நிற்கட்டும்.

இன்னொன்று. இந்த மீட்டிங் பள்ளிக்கூடம் நமக்குச் செய்யும் தயவு இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை அடிக்கடி சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வதை ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேட்கலாம். கேட்பதற்கு முன் தயாராகத்தான் வேண்டும்.

1. முந்தின நாள் இரவு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். எந்த இடத்திலிருந்து தப்பு ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைக் கையில் கொண்டு போங்கள்.

2. இதுதான் முக்கியம். பிள்ளை தப்பாகப் போட்ட வழிக்கணக்கை வீட்டில் தமிழில் சொல்லிக் கேளுங்கள். தமிழில் சரியாகச் சொன்னால், சிக்கல் கணக்கில் இல்லை, ஆங்கில வாக்கியத்தில் இருக்கிறது. "மேத்ஸில் வீக்" என்று முத்திரை விழுவதற்குள் இதை டீச்சரிடம் சொல்லியாக வேண்டும். அவருக்கு இது தெரிய வேறு வழியே இல்லை.

3. மூன்று கேள்விகள் போதும், தமிழிலேயே எழுதி எடுத்துப் போங்கள். எதில் தடுமாறுகிறான்? வகுப்பில் வாய் திறந்து பேசுகிறானா? யாரோடு சேர்ந்து உட்காருகிறான்? மார்க் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது கார்டிலேயே இருக்கிறது.

4. கிளம்புமுன் ஒரு முடிவு. பள்ளியில் என்ன செய்வார்கள், வீட்டில் நாம் என்ன செய்ய வேண்டும், மறுபடி எப்போது பார்ப்பது? தேதி வாங்காமல் வராதீர்கள்.

"வீட்டில் தமிழ் பேசாதீர்கள், இந்தியோ இங்கிலீஷோ பேசுங்கள்" என்று சில டீச்சர்கள் நல்லெண்ணத்தோடே சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் செய்யாதீர்கள். முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. இங்கே தமிழ்வழி வகுப்புகள் உள்ள அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. நமக்கே சரியாக வராத மொழியில் பிள்ளையோடு பேசினால், அதற்கு இரண்டு மொழியும் அரைகுறையாகத்தான் மிஞ்சும். வீட்டில் நல்ல தமிழில் கதை சொல்லி, காரணம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மற்ற மொழியும் தானாக வரும்.

ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெற்றோர் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விதித் திருத்தப்படி, இந்த இரண்டு வகுப்பிலும் ஆண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்து, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைப்பார்கள். அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்புதான். சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம் என்பதால் நமக்கும் இது பொருந்தும். லீவுக்கு ஊருக்குப் போகக் கப்பலில் டிக்கெட் எடுத்துவிட்டு, சென்னையில் இறங்கின பிறகு மறுதேர்வுத் தேதி தெரிந்தால் என்ன செய்வது? அடுத்த தெருவா, ஓடி வர? ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய மீட்டிங்கிலேயே "என் பிள்ளை தேறுவானா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். டிக்கெட் அதற்கப்புறம்.

கடைசியாக அப்பாக்களுக்கு. "லீவு கிடைக்கலை, நீயே போய்ட்டு வா" என்று இந்தி தெரிந்த நாம் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, இந்தி தெரியாத வீட்டம்மாவை அனுப்புவது என்ன நியாயம்? வருடத்தில் நாலு அரைநாள் பர்மிஷன் கேட்டால் எந்த ஆபீசும் மூழ்கிவிடாது. டியூஷனுக்குக் கொட்டும் பணத்தைவிட அந்த அரைநாளுக்கு மதிப்பு அதிகம். உங்கள் பிள்ளையின் பள்ளியில் எப்படி என்று நீங்களும் சொல்லுங்களேன்.