பூனைக்கும் மனசு உண்டு!



"பூனைக்கு என்னடி கவலை? பால்சோறு திங்குது, அடுப்படியில சுருண்டு படுத்துக்கிருது" என்று எங்கள் அப்பத்தா சொல்வார்கள். நம்ம ஊரில் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூனைக்கும் பயம் உண்டு, மனக்கலக்கம் உண்டு. அதைத்தான் நாம் "திமிர்" என்று சொல்லி விளக்கமாற்றால் அடிக்கிறோம். சிலர் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

பூனை ஏன் பயப்படுகிறது? வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. அது தனியாக வேட்டையாடும். ஆனால் உருவத்தில் சிறியது, பெரிய மிருகங்களுக்கு இரையாகவும் ஆகிவிடும். அதனால் வலித்தாலும் காட்டிக்கொள்ளாமல் ஒளிந்துகொள்ளும். இந்தக் குணம் இன்றும் மாறவில்லை.

காதை எடுத்துக்கொள்வோம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேல் மீயொலி என்று அறிவியலில் படிக்கிறோம். பூனைக்குச் சுமார் 64,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கே காது அடைக்கிற ரேடியோ செட்டும் வேட்டும் அதற்கு எப்படி இருக்கும்?

அடுத்தது வாசனை. பூனை கன்னத்தை நம் காலிலும் கதவு நிலையிலும் உரசுகிறதே, அது வெறும் கொஞ்சல் மட்டும் இல்லை. கன்னத்துச் சுரப்பியின் வாசனையைத் தடவி "இது என் இடம்" என்று குறித்து வைக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தாலோ, வளவு வீட்டில் கல்யாணம் என்று கூட்டம் வந்தாலோ அந்த அடையாளம் போய்விடுகிறது. நமக்கு விசேஷம், அதற்கோ வீடே அந்நியம்!

பூனை மனசு கெட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. பரணிலோ பத்தாயத்துக்குப் பின்னாலோ ஒளிந்து வெளியே வராது.
2. சாப்பாட்டைத் தொடாது.
3. முடி உதிரும்வரை ஒரே இடத்தை நக்கும்.
4. வழக்கமான இடத்தை விட்டுவிட்டுத் துணிமேலும் சாக்குமேலும் சிறுநீர் கழிக்கும்.
5. காது பின்னால் மடங்கும், கண்மணி விரியும், வால் புசுபுசு என்று ஆகும்.

நான்காவதுக்குத்தான் அதிக அடி விழுகிறது. அடித்தால் பயம் கூடும், பயம் கூடினால் அதையேதான் திரும்பவும் செய்யும். கடுவன் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் தவித்தால் அது உயிருக்கே ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஒரு பழைய அட்டைப்பெட்டியை மூலையில் வையுங்கள். 2014-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளைக் கவனித்தார்கள். ஒளிய பெட்டி கிடைத்த பூனைகள் சீக்கிரமே தெளிந்தன.
2. சாப்பாட்டுத் தட்டை ஒரு பக்கமும் மண் தொட்டியை வேறு பக்கமும் வையுங்கள்.
3. குட்டியை 8 வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.
4. பினாயில் தெளித்த ஈரத்தரையில் நடக்க விடாதீர்கள். சில பினாயிலில் உள்ள பீனாலைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. பாதத்தை நக்கினால் நஞ்சு.
5. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் சின்னப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
6. உற்றுப் பார்க்காமல், கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படிச் செய்தவரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தன. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்பது பழமொழி. நாம் கண்ணை மூடினால் அதன் உலகத்தில் வெளிச்சம் வருகிறது!

"மனுசப் பொழப்பே பெரும்பாடா இருக்கு, இதுல பூனைக்கு வேறயா?" என்று சிலர் கேட்கலாம். மேலே சொன்னதில் எதற்குக் காசு செலவாகிறது? நெல் மூட்டைக்கு எலி வராமல் ராத்திரியெல்லாம் காவல் இருக்கிறதே, அதற்கு நாம் கூலியா கொடுக்கிறோம்? குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று கல்லெடுக்கிறோம். உண்மையில் நம்மைக் கண்டு பயந்துதான் அது குறுக்கே ஓடுகிறது.

பிராணிகளிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது. வளர்க்கும் பிராணியைப் பசியால் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைக்க வேண்டாம். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான். எங்கிருந்தோ வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வேட்டுப் போடுவதில்லை. விருந்தாளிப் பறவைக்காக ஒரு ஊரே சத்தத்தை விட்டுக்கொடுக்கும்போது, நம் வீட்டுப் பூனைக்காக ஒரு மூலையை விட்டுக்கொடுக்க முடியாதா?

தோழிகளே, தோழர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு அட்டைப்பெட்டி தேடுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கண்டரமாணிக்கம்.